குலுக்கலில் விழுந்த வீடு

நாட்டில் எத்தனை பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்று கண்டறியும் கணக்கெடுப்பில், வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது அந்த நர்ஸின் வேலை. பிரசவ வார்டிலேயே தலை நரைத்தவள். யார் முகம் சுளித்தாலும் அசரமாட்டாள். மாடிவீட்டு டெய்லர் மட்டும் கதவைப் பாதிதான் திறந்தார்.

"இத்தனை வீடு இருக்க, எங்க வீடுதான் உங்க கண்ணுல பட்டுச்சா?"

"குலுக்கல்ல விழுந்திருக்கு அண்ணே. நீங்க மாட்டேன்னா, பதிலுக்கு வேற வீட்டைச் சேர்க்க முடியாது. கணக்குல ஓட்டை விழுந்துடும்."

எதிர்வீட்டிலிருந்து டெய்லரின் தம்பி, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தான். "என் கையில எடுத்துக்குங்க சிஸ்டர். அண்ணனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஊசின்னா பயம்."

"உங்க ரத்தம் கணக்குல சேராது தம்பி."

டெய்லருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நாள் முழுக்க ஊசியோட பொழங்குறவன்டா நான்" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மட்டும் இறுக மூடிக்கொண்டார்.

"முடிஞ்சுது அண்ணே."

"அவ்ளோதானா?" கண்ணைத் திறந்தவர், உள்ளே எட்டிப் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "நீயும் வா. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு."

நர்ஸ் அடுத்த குழாயை எடுத்து, அந்தம்மாவின் பெயரைக் கேட்டாள்.