விரிசலின் குறுக்கே ஒட்டிய காகிதம்

அந்தக் காகிதம் என் விரல் பட்டுக் கிழிந்ததா, படுவதற்கு முன்பே கிழிந்ததா? இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகும் எனக்கு விடை தெரியவில்லை.

அப்பா கட்டட வேலை ஓவர்சியர். மயிலாப்பூரில் எங்கள் உறவினர் யார் புது வீட்டுக்குப் போனாலும், அப்பா சுவரைத் தட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வீடு மந்திரிக்கப் பங்குச் சாமியாரை அழைப்பார்கள். எனக்கு எட்டு வயதிருக்கும்போது, மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்து மனை போட்டிருந்த இடத்தில் சித்தப்பா ஒரு வீடு பார்த்தார். சித்தி அப்போது முழுகாமல் இருந்தார்.

கூடத்துச் சுவரில் மயிரிழைபோல ஒரு விரிசல். அப்பா அதன் குறுக்கே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, அதன்மேல் பென்சிலால் தேதி எழுதினார். "இதுல கை வைக்கக் கூடாது பாப்பா," என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. கேட்காமல் கீழ்ப்படிவதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று பள்ளியில் கன்னியாஸ்திரிகள் சொல்லியிருந்ததால் நானும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி போனோம். வெளியே உச்சிவெயில், கூடத்துக்குள் சேற்று வாடை. சுவர் வியர்த்திருந்தது. எத்தனை தரம் பெருக்கினாலும் தரையோரம் நத்தை ஓடுகள் வந்துவிடுவதாக வாசலில் இருந்த கொத்தனார் சொன்னார். "ஏரி அடியிலே தூங்கினு கீது பாப்பா. மெதுவா நட," என்று சிரித்தார்.

அப்பாவும் சித்தப்பாவும் கிணற்றைப் பார்க்கப் பின்பக்கம் போனார்கள். நான் காகிதத்தின் முன்னால் நின்றேன். ஏன் கையை நீட்டினேனோ தெரியாது. சுவருக்குள் யாரோ மூச்சை இழுப்பதுபோல ஒரு சத்தம். காற்றே இல்லை, காகிதம் மேலிருந்து கீழாக மெல்லப் பிரிந்தது.

நான்தான் கிழித்தேன் என்பார்கள். காகிதமும் பசையும் பென்சிலும் வைத்திருந்த அப்பாவின் பை அங்கேயே இருந்தது. கிழிந்ததை உரித்துப் பாவாடை மடிப்பில் ஒளித்தேன். புதுத் துண்டைப் பசை தடவி ஒட்டி, பழைய தேதியை அவர் எழுத்தைப் போலவே எழுதினேன். பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். சுவரே ஈரமாக இருந்ததால் பசையின் ஈரம் தெரியவில்லை.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அசையல. தைரியமா குடி வா," என்றார் சித்தப்பாவிடம்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், தொடக் கூடாததைத் தொட்டேன் என்று சொன்னேன். மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார். சொன்னதும் மனசு லேசாகிவிட்டது.

ஐப்பசி மழையில் அந்தச் சுவர் விழுந்தது. சித்தியும் வயிற்றுப் பிள்ளையும் பிழைத்தார்கள். சித்தி இன்றும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார். "என் கண்ணையே நம்ப முடியல," என்றார் அப்பா. பிறகு அவர் யார் வீட்டையும் பார்க்கப் போகவில்லை.

சுவர் நகர்ந்தால் கிழிய வேண்டும் என்றுதான் அந்தக் காகிதத்தை ஒட்டினார் என்பது எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று.

இப்போது எங்கள் வீட்டில் தொட்டிலுக்கு நேர் மேலே சுவரில் ஒரு விரிசல். அப்பா வந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானே காகிதம் ஒட்டித் தேதி எழுதியிருக்கிறேன். தொட்டால் அடி விழும் என்று ஆறு வயதான மூத்த மகளை மிரட்டியும் வைத்தேன். காகிதம் தினமும் முழுதாகவே இருக்கிறது. அவளுக்கும் கையெழுத்து அழகாக வருகிறது.

அன்று உங்கள் கண் தவறவில்லை என்று அப்பாவிடம் இந்த வயதில் சொல்லலாமா? மகளிடம் எதிலிருந்து தொடங்குவது? இதைப் படிக்கும் தாய்மார்கள் தயவுசெய்து எழுதுங்கள். அதுவரை தொட்டிலை அடுத்த அறைக்கு மாற்றியிருக்கிறேன்.