மாமாவுக்கும் பூட்டு

மருத்துவமனையின் கணினி வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு அவள் வந்து சேர்ந்தபோது, சர்வர் அறையில் இருந்த பெரிய ஸ்விட்சுக்கு ஒரே பாஸ்வேர்டுதான். ஆய்வகம், ஸ்கேன் அறை, அறுவை அரங்கு என எல்லாக் கணினிகளும் ஒன்றோடொன்று பேசுவது அந்தப் பெட்டி வழியாகத்தான். பாஸ்வேர்டோ வாசல் காவலாளி வரைக்கும் தெரிந்திருந்தது.

ஒருநாள் காலை ஆய்வகக் கணினிகள் செத்துக் கிடந்தன. யாரோ ஸ்விட்சின் அமைப்பில் கை வைத்திருக்கிறார்கள். யாரென்று பார்த்தால், பெட்டியின் பதிவில் 'அட்மின்' என்று மட்டும் இருந்தது. அங்கே எல்லோருமே அட்மின். காய்ச்சலில் கொதிக்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, இரத்தப் பரிசோதனை முடிவுக்காக ஒரு தாய் மதியம் வரை வராந்தாவில் காத்துக் கிடந்தாள். திட்டெல்லாம் விழுந்தது இவளுக்கு. திட்டு உறைக்கவில்லை, அந்தத் தாயின் முகம்தான் உறுத்தியது.

இயக்குநர் முன்னால் போய் நின்றாள். "இனிமே ஆளுக்கு ஒரு பேரு, ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட் சார். அவங்கவங்க வேலைக்கு எது வேணுமோ அதுக்கு மட்டும்தான் அனுமதி."

"எனக்கு எல்லாம் இருக்கும்ல?"

"உங்களுக்கு அந்தப் பெட்டியில என்ன சார் வேலை?"

அவர் யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் இல்லதான்," என்று சிரித்தபடி தலையாட்டினார்.

அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். முறுக்கிக்கொண்டவர் அவளுடைய அக்கா கணவர். பராமரிப்புப் பிரிவுக்கு அவர்தான் தலைவர்.

"என்னம்மா, எனக்கே பூட்டா? நீ ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தப்பவே நான் இங்க வேலை பாத்தவன்."

"வார்டுல இருக்கிற சின்ன பெட்டியெல்லாம் உங்க கையிலதான் மாமா. பெருசை நீங்க பாக்கலாம், மாத்த முடியாது. என் பேருக்கும் அப்படித்தான் வச்சிருக்கேன். மாத்த வேண்டியது வந்தா மட்டும் வேற பேர்ல உள்ள போவேன்."

"நல்லா வச்சே," என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அன்று மாலையே அக்கா போன் செய்தாள். "ஏண்டி, வீட்டு ஆளுக்கும் அதே சட்டமா? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"அவருக்கு மட்டும் திறந்து விட்டா மத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களாக்கா?"

அக்கா பட்டென்று போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு வராந்தாவில் எதிர்ப்பட்டால் மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார். மற்றவர்கள் அவளுக்குப் 'பூட்டம்மா' என்று பெயர் வைத்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. ஆனாலும் அவள் ஒருவருக்கும் விதியைத் தளர்த்தவில்லை.

புதிய வார்டு திறக்கும் நாள் வந்தது. அந்த வார்டுப் பெட்டியில் இருந்த பழைய அமைப்பை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். மாமா அவசர அவசரமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. ஒன்று வார்டுப் பெட்டி, இன்னொன்று பெரிய ஸ்விட்ச். எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டினார். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று பதில் வந்தது. எரிச்சலோடு மறுபடியும் தட்டினார். மறுபடியும் அதே பதில். அப்புறம்தான் ஜன்னலின் பெயரைப் பார்த்தார். பெரிய ஸ்விட்ச்.

மாடியில் அந்த நேரம் அறுவை அரங்குகளில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

நேராக அவள் மேஜைக்கு வந்தார். பக்கத்தில் ஆட்கள் இருப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "இன்னைக்கு மொத்த ஆஸ்பத்திரியையும் கவுத்திருப்பேன்மா. உன் பூட்டுதான் என் கையைப் பிடிச்சு நிறுத்துச்சு."

அவள் எழுந்து அவருக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "முதல்ல தண்ணி குடிங்க மாமா."

அடுத்த கூட்டத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னவரும் மாமாதான். "இந்த ஏற்பாடு நம்ம ஆஸ்பத்திரியோட எல்லாக் கிளைக்கும் வரணும் சார். இவளையே பொறுப்பாப் போடுங்க," என்றார். இயக்குநர் அங்கேயே உத்தரவு போட்டார். மயக்க மருந்து டாக்டர் எழுந்து நின்று கைதட்ட, அறை முழுக்க அது தொற்றிக்கொண்டது.

கூட்டம் முடிந்ததும் லிஃப்டுக்குக் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை. பள்ளிப் பிள்ளைபோல் படிகளில் தாவி இறங்கி ஓடினாள்.