தங்கை வீட்டில் பச்சை பூத்த காசுகள்

"அக்கா, அப்பா காசெல்லாம் பச்சையாப் பூத்துக் கெடக்கு. வெரசா வா" என்று தங்கை போனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை விழுங்கிக்கொண்டு, "அய்யோ, எப்படிடீ?" என்று கேட்டேன்.

அந்தக் காசுகள் எனக்கு வந்திருக்க வேண்டியவை. அப்படித்தான் நான் வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். இளவட்டமாக இருந்தபோது, இரு நாட்டு ஒப்பந்தப்படி அங்கிருந்து அனுப்பிவைக்கப்பட்ட ஆட்களோடு கப்பலேறி இந்தியாவுக்கு வந்தார். கொடைக்கானல் மலையில் இருக்கும் பூண்டியில் பூண்டுக்காட்டிலும் கேரட் காட்டிலும் வேலை செய்துதான் எங்கள் இருவரையும் வளர்த்தார். இலங்கையிலிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒரு சுருக்குப்பை நிறைய இலங்கைக் காசு. மரம் பொறித்த செப்புக்காசு, சதுரமான ஐந்து சதம், பூவிதழ் போல ஓரம் வளைந்த பத்து சதம், ராஜா தலை போட்ட ஒரே ஒரு வெள்ளிக்காசு. சின்ன வயதில் அவற்றைத் தரையில் வரிசை கட்டி விளையாடியவள் நான். தங்கைக்கு அதில் நாட்டமே கிடையாது.

காசு சேர்க்கும் பழக்கம் அதற்குப் பிறகு என்னை விடவில்லை. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் வேதியியல் லேப் உதவியாளராக வேலை பார்க்கிறேன். டீச்சர்கள் யாராவது வெளிநாடு போய்வந்தால் எனக்கு சாக்லேட் கொடுக்க மாட்டார்கள், காசுதான் கொடுப்பார்கள். மழையும் மூடுபனியும் வருஷத்தில் பாதி நாள் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிற ஊரில் உலோகத்தைக் காப்பாற்றுவது எப்படி என்று தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன்.

அம்மா இறந்த பிறகு அப்பா தங்கை வீட்டுக்குக் குடிபோனார். எனக்கு இருப்பது பள்ளிக் குவார்ட்டர்ஸில் ஒற்றை அறை. அவளுக்கோ ஏரிக்கு மேலே சொந்த வீடு. மாடியில் மூன்று அறைகளை ஹோம்ஸ்டேயாக விட்டிருக்கிறாள். மாப்பிள்ளை டாக்ஸி ஓட்டுகிறார். அங்கே போய்ச் சில மாதங்களிலேயே அப்பா சுருக்குப்பையை அவளிடம் கொடுத்துவிட்டார்.

"பாதியாவது எனக்குக் குடுத்திருக்கலாம்லப்பா" என்று கேட்டேன்.

"பிரிச்சா அது வெறும் சில்லறையாப் போயிரும்த்தா. ஒரு கையில கெடக்கட்டும்" என்றார்.

எந்தக் கை என்பதுதானே கேள்வி.

தங்கை ஒரு ஆல்பம் வாங்கினாள். காசுகளை அதன் பிளாஸ்டிக் பைகளில் செருகி, ஹாலில் விருந்தாளிகள் உட்காரும் மேஜையில் வைத்தாள். அப்பா வெள்ளனே எழுந்து குளித்து, மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆல்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்தவர்கள் காபியோடு அவரைச் சுற்றி உட்காருவார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஹோம்ஸ்டேக்கு இன்டர்நெட்டில் வருகிற ரிவ்யூ ஒன்றுவிடாமல் நான் படிப்பேன். சுடுதண்ணீர் வரவில்லை என்று எழுதியிருந்தால் இரண்டு தரம் படிப்பேன். ஆனால் பெரும்பாலும், 'அங்கிளின் காசுக் கதைகளுக்காகவே மறுபடி வருவோம்' என்றுதான் எழுதியிருக்கும். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்காது. அந்தக் கதைகளில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

போன் வந்த அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் நேரே போனேன். ஆல்பத்தைத் திறந்ததுமே புது ரெயின்கோட் வாடை அடித்தது. செப்புக்காசுகளின் மேல் பச்சையாக, பிசுபிசுப்பாக ஏதோ படிந்திருந்தது. வெள்ளிக்காசின் ராஜா கன்னத்திலும் ஒரு தீற்று.

"ஈரத்துல வந்ததாக்கா?"

"ஈரமும்தான். ஆனா முக்கியமா இந்த ஆல்பம்தான். வளையிற பிளாஸ்டிக்கு இருக்கு பாரு, அது நாள்பட எண்ணெ மாதிரி ஒண்ணக் கக்கும். அது உலோகத்தத் தின்னுரும். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் முகம் சின்னதாகிப்போனது. எனக்கு அது போதவில்லை. "ஒண்ண வச்சுக்கிட்டா அதக் காப்பாத்தத் தெரியணும்" என்றேன்.

அதற்குள் அப்பா அடுப்படியிலிருந்து கையில் எதையோ மூடிக்கொண்டு வந்தார். "இதுக்கு ஏன் ரெண்டு பேரும் சண்ட போடுறீங்க? இங்க பாரு." கையை விரித்தார். ஒரு செப்புக்காசு இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருக்கிறார். அதிலிருந்த மரம் பாதி தேய்ந்துபோயிருந்தது.

"அப்பா! பழைய காசத் தேய்க்கவே கூடாதுப்பா. அதோட நெறம்தான் அதுக்குச் சட்டை. உரிச்சுட்டீங்களே."

"இப்பதான் காசு மாதிரி இருக்கு" என்றார், கொஞ்சமும் கவலைப்படாமல்.

எங்கே, எப்படி வைப்பது என்ற பேச்சு அப்புறம் ஆரம்பித்தது. மாப்பிள்ளை பேங்க் லாக்கர் என்றார். லாக்கரில் திருடன் நுழைய மாட்டான், மூடுபனி நுழையும் என்றேன். தங்கை புது மர டிராயரைக் காட்டினாள். புது மரம் புளிப்பாக ஒரு ஆவியை விடும், மூடி வைத்த இடத்தில் அதுவும் காசுக்கு ஆகாது. "அரிசிக்குள்ள போட்டு வச்சா? போன் நனஞ்சா போடுறோம்ல?" என்றாள். அரிசி மாவும் வண்டும்தான் மிஞ்சும் என்றேன். அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றையும் தட்டிவிட எனக்கு இனிப்பாக இருந்தது. கடைசியில் நான் காத்திருந்த வார்த்தையைத் தங்கையே சொன்னாள்.

"அப்ப நீயே கொண்டு போக்கா. உனக்குத்தான் தெரியுது."

அப்பாவைப் பார்த்தேன். தேய்த்த காசை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு சோலி இல்லை. சுத்தமான அசிட்டோன் வாங்கி, ஜன்னலைத் திறந்து வைத்து, ஒவ்வொரு காசாகக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவைத்தேன். தேய்க்காமலே பச்சைப் பிசுக்கு கரைந்து வந்தது. காசு தின்னப்பட்ட இடங்களில் மட்டும் சின்னச் சின்னக் குழிகள் நின்றுவிட்டன. அவற்றை யாராலும் சரிசெய்ய முடியாது. உலரவிட்டு, காசு அளவே உள்ள, திறந்து மூடுகிற கெட்டியான பிளாஸ்டிக் வில்லைகளுக்குள் ஒவ்வொன்றாக வைத்து மூடினேன். ரப்பர் விளிம்பு போட்ட காற்றுப்புகாத டப்பாவில் அவற்றை அடுக்கி, கூடவே சிலிகா ஜெல் பொட்டலம் போட்டேன். ஈரத்தைக் குடித்தால் நீலம் ரோஸாக மாறிக் காட்டிக்கொடுக்கும் மணிகள் அவை. டப்பாவைக் கட்டிலுக்கு மேல் அலமாரியில் வைத்தபோது, கடைசியில் வந்து சேர்ந்தாய் என்று வாய்விட்டே சொன்னேன்.

தங்கை வீட்டு ஹால் மேஜையில் இப்போது வெறும் பூச்செடிதான் என்று நினைக்கவே சுகமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். மாப்பிள்ளை இறக்கிவிட்டுப் போனார். உட்கார்ந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "காச எடு, பாப்போம்."

மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, பருத்திக் கையுறையை மாட்டிக்கொண்டு, டப்பாவைத் திறந்தேன். வெள்ளிக்காசு இருந்த வில்லையை அவர் எடுத்துத் திறக்கப் போனார்.

"அப்பா, வெறுங்கையால தொடாதீங்க. வேர்வை பட்டா கறை விழுந்துரும். கையுறை போட்டுக்கங்க, இல்லாட்டி மூடின மேனிக்கே பாருங்க."

அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பூண்டுக்காட்டு மண் ரேகைக்குள் ஏறிப்போன கை. கொஞ்ச நேரம் வில்லைக்குள் இருந்த ராஜாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வச்சிருக்கத்தா. ஆஸ்பத்திரி மாதிரி."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இது எப்புடி வந்துச்சுன்னு தெரியுமா?"

"நீங்க எனக்குச் சொன்னதில்லையேப்பா."

"எங்கண்ணனுக்கு அங்கயே இருக்கலாம்னு பேப்பர் வந்துருச்சு. எனக்கு இந்தியாவுக்குப் போன்னு வந்துச்சு. எங்காத்தா யாரு கூட இருக்குறதுன்னு பேச்சு வந்தப்ப, நான் பெரியவன் கூடயே இருந்துக்கிறேன்னுட்டா. ரயிலடிக்கு வந்து இந்தச் சுருக்குப்பைய என் கையில குடுத்தா. சேத்து வச்சிருந்தது அம்புட்டும். அவனுக்கு ஒரு சதம் குடுக்கல."

"பாசம் இல்லாமலா அவ்வளவையும் உங்களுக்குக் குடுத்தாங்க?"

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாக." அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே யூகலிப்டஸ் மரங்களைப் பனி மூடிக்கொண்டிருந்தது. "அவனுக்கு ஆத்தா கெடச்சா. எனக்குக் காசு கெடச்சுச்சு. எங்கண்ணன நெனச்சா இன்னமும் எனக்கு வயிறு எரியும்த்தா. செத்துப்போயிட்டான், அப்பவும் எரியுது. அதான் யாரு வந்தாலும் இத எடுத்து அவுகளத் தொட வச்சு, கத சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். கையில வச்சுப் பேசிக்கிட்டே இருந்தா கொஞ்சம் அடங்கும்."

எண்பதை நெருங்கும் மனிதருக்குள்ளும் அது எரிகிறது என்பது எனக்குப் பயமாக இருந்தது. என் வயிற்றில் எரிவதும் அதே அடுப்பிலிருந்து வந்ததுதான் என்று தெரிந்ததில் ஒரு நிம்மதியும் இருந்தது. கையுறையைக் கழற்றினேன். வில்லையைத் திறந்து, வெள்ளிக்காசை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். வழியில் இரண்டு தரம் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகளுக்குப் பக்கத்தில் நின்று, எனக்கென்ன பைத்தியமா என்றுகூடக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் போனேன்.

அப்பா, தங்கை, நான் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம். டப்பா அப்பாவின் அறையில், வெளிச்சுவரைத் தொடாத இரும்பு பீரோவில் இருக்கும். குழி விழுந்த செப்புக்காசுகளையும் ஒன்றுக்கு மேல் இருக்கிற சதுரக் காசுகளையும் வெளியே ஒரு தட்டில் வைப்போம். யாரும் தொடலாம், அப்பா இஷ்டப்பட்டால் புளி போட்டுத் தேய்க்கலாம். வெள்ளிக்காசை மட்டும் கேட்கும்போது அவர் கையில் கொடுத்து, திரும்ப வாங்கி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி வைக்க வேண்டும். சிலிகா ஜெல் ரோஸானால் நான் வந்து எடுத்துப்போய், லேப் ஓவனில் காயவைத்துக் கொண்டுவருவேன்.

"தேச்சிராத, ஒத்தி எடு" என்று தங்கைக்குச் செய்துகாட்டினேன். அவள் கவனமாகப் பார்த்துக்கொண்டாள். அவள் பார்த்துக்கொள்வாள் என்பதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது மாதம் ஒரு முறையாவது போகிறேன். பொட்டலத்தைப் பார்த்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்காருவேன். போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது, அவர் தோட்டத்து லயத்தையும் கொழுந்து நிறுக்கும் இடத்தையும் பற்றி வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் தங்கை வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

நான் கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "நீ வந்தா மட்டும் அப்பாவுக்கு எம்புட்டுப் பேச்சு! தெனமும் சோறு போடுறது நானு. எங்கிட்ட மாத்திரை எங்க, சுடுதண்ணி எங்கன்னு மட்டுந்தான் கேக்குறாரு" என்றாள்.

"அடுத்த வாரமும் வாரேன்டீ" என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இறங்கி நடந்தேன். பல வருஷங்களுக்குப் பிறகு அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.