தவிட்டுக்கு வாங்கிய பெயர்

மலையாள நாட்டில், கரமனையில் வாடகைக்கு இருந்த நாளில் வீட்டில் எல்லோரும் என்னைச் சாலிமா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் நான் வள்ளி.

எனக்கு முன் பிறந்தவை தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும், எங்கள் நாஞ்சில் நாட்டு வழக்கப்படி, ஒரு முறம் தவிட்டுக்கு அம்மா என்னைப் பக்கத்து வீட்டு உம்மாவுக்கு விற்றுவிட்டாள். விற்றுப்போன பிள்ளையை எமன் தேடி வரமாட்டானாம். வாங்கியவர்கள்தான் பெயர் வைக்க வேண்டும். உம்மாவின் கணவர் பள்ளியில் அரபி கற்பிக்கிற சார். சாலிம் என்றால் கேடில்லாமல் இருப்பவன், கடைசியில் ஓர் ‘ஆ’ சேர்ந்தால் பெண் என்று விளக்கியிருக்கிறார். இன்றைக்கு மட்டுமா, நாளைக்கும் சேர்த்தா என்று அம்மா கேட்டாளாம். அந்தச் சொல்லுக்கு நேற்று, நாளை கிடையாது, இருந்துகொண்டே இருப்பவள் என்று அவர் சொன்ன பிறகுதான் தவிட்டை வாங்கிக்கொண்டாள்.

எனக்கு ஏழு வயதில் சாருக்கு வடக்கே மாற்றல் வந்தது. சாமான் ஏற்றுகிற அன்று என் தாய்மாமா தன் வழக்கமான கேலியில், “வாங்குனவங்க போகச்சில சரக்க விட்டுட்டா போவாங்க?” என்றார். நான் பாவாடைகளைப் பள்ளிப் பையில் திணித்துக்கொண்டு லாரியின் முன்சீட்டில் போய் உட்கார்ந்தேன். அழவில்லை. அம்மா வந்து இழுத்து இறக்குவாள் என்று நம்பியிருந்தேன்.

அம்மா வந்தாள். என்னைத் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று, “நீங்களே சொல்லுங்க இத்தா, இது ஆரு பிள்ளை?” என்று உம்மாவிடம் கேட்டாள்.

“எனக்க மோளுதான். நான் எங்க போனாலும் எனக்க மோளுதான். நீ வளத்தா மதி, அது போதும்,” என்று சொல்லி உம்மா என்னை இறக்கி அம்மாவின் இடுப்பில் வைத்தார். அவள் முகம் தெளிந்துவிட்டது. எனக்குத்தான் அழுகை அடங்கவில்லை. பெற்றவள் ஒரு தடவைகூட என் பிள்ளை என்று சொல்லவில்லையே. வெகுநாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சென்ற மாதம் என் மகள் காய்ச்சலில் நினைவு தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது கஞ்சி வேண்டாம் என்று சண்டை போடுகிறாள். அன்று கண்ணாடிக் கதவைத் திறந்த நர்ஸ், “மோளாணோ?” என்று மலையாளத்தில் கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாராவது என்னை முந்திக்கொண்டு, தங்கள் பிள்ளை என்று சொல்லிவிடமாட்டார்களா என்று.