‘இருக்கிறேன்’ என்று பாயிஸா அழுத்தியது

கண்டியில், மடுல்கெல்ல பஸ் புறப்படும் இடத்துக்குப் பக்கத்தில் பாயிஸா ஒரு கொமியூனிகேஷன் கடை நடத்தினாள். இரண்டு டெலிபோன், மூன்று கம்பியூட்டர். தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு ஈமெயில் முகவரி என்றால் அது அவளுடைய கடை முகவரிதான். சவூதியிலிருந்து மகள் எழுதினாலும் அவளுக்குத்தான் வரும். பிரிண்ட் எடுத்து, பெயர் எழுதி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டுவாள். அவளைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது. ஆனால் 2008இல் நடந்த இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

தோட்டத்துக் கறுப்பையா கொழும்பில் கடைகளில் மூட்டை தூக்கியவர். யுத்த நேரத்துச் சுற்றிவளைப்பில் பொலிஸ் இரண்டு தடவை பிடித்து, பிறகு விட்டிருந்தது. நாம் இறந்துபோனால் நமது கடிதத்தை அனுப்பிவைக்கும் இணையத்தளம் ஒன்று இருப்பதாகப் பாயிஸா சொன்னதும், தன்னைச் சேர்த்துவிடச் சொன்னார். மாதம் ஐந்தாம் திகதி ‘இருக்கிறீர்களா?’ என்று கேட்டு மெயில் வரும். ‘இருக்கிறேன்’ என்று அழுத்த வேண்டும். ஏழு நாள் அழுத்தாவிட்டால் கடிதம் போய்விடும். ஊருக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி அவரே தட்டினார். பாயிஸாவைப் பார்க்க விடவில்லை. பாஸ்வேர்டும் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கேள்வி வருவதும் கடிதம் வருவதும் பாயிஸாவின் முகவரிக்கே. அவர் ஐந்தாம் திகதி கோல் எடுப்பார், இவள் அழுத்துவாள். அதுதான் ஏற்பாடு.

ஜூலை ஐந்தாம் திகதி கோல் வரவில்லை. வேலை கூடவாக்கும் என்று நினைத்து அவள் அழுத்திவிட்டாள். ஹயாத்தோடு, உயிரோடு இருக்கிற மனுசனை இல்லை என்று விடுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

மாதக் கடைசியில் அவருடைய மனைவி பாலம்மா, கொழுந்து பறித்த கையோடு கடைக்கு வந்தார். வீட்டுக்கு வரவேண்டிய மனுசன் வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை. புதிதாகச் சேர்ந்த கடை எந்தத் தெருவில் என்றுகூட பாலம்மாவுக்குத் தெரியாது. அந்தக் கடிதத்தில் இருக்கலாம். கடிதத்தைத் தரச்சொல்லிப் பாயிஸா இணையத்தளத்துக்கு இங்கிலீஷில் எழுதிக் கேட்டாள். பதில் இல்லை. அடுத்த கேள்விக்கு அழுத்தாமல் விட்டு, கடிதம் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஓகஸ்ட் ஐந்தாம் திகதி கேள்வி வந்தது. அழுத்தவில்லை. தினமும் திரும்பத் திரும்ப வந்தது. அவளோடு கூடப் பிறந்த மஹ்ரூப் எட்டிப் பார்த்துவிட்டு, “அந்த மனுசன மௌத்தாக்கத்தானா காவல் இருக்கிற?” என்றான். சாவுக்குக் காவல் இருக்கிறமாதிரி, அந்த ஏழு நாளும் மௌஸைத் தொடவே கை கூசியதாம்.

பன்னிரண்டாம் திகதி கடிதம் வந்தது. பாலம்மாவைப் பக்கத்துக் கதிரையில் இருத்தி வாசித்தாள்.

“பாலம்மா, அழாத. நான் சாகல, புடிச்சிருப்பாங்க. கட மொதலாளிகிட்ட என் பொலிஸ் பதிவுத் துண்டு இருக்கு. அவரக் கூட்டிக்கிட்டு சுருக்கா ஸ்டேசனுக்குப் போ. வேற எடத்துக்கு மாத்திட்டா கண்டுபுடிக்க ஏலாது.”

கீழே கடையின் விலாசம் இருந்தது.

மறுநாளே இருவரும் கொழும்புக்குப் போனார்கள். ஸ்டேசனுக்கு முதலாளியும் கூடவே வந்தார். சிங்களத்தில் பாயிஸாதான் பேசினாள். பொலிஸ்காரர் புத்தகத்தைப் புரட்டினார். ஜூலை முதலாம் திகதி பிடித்திருக்கிறார்கள். இருபதாம் திகதிவரை அங்கேயே வைத்திருந்து, பிறகு வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கே என்று எழுதியிருக்கவில்லை.

ஸ்டேசன் வாசலில் நின்று பாயிஸா கணக்குப் பார்த்தாள். அன்றைக்கு அழுத்தாமல் விட்டிருந்தால் ஜூலை பன்னிரண்டிலேயே கடிதம் வந்திருக்கும். அவரும் இங்கேதான் இருந்திருப்பார். மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் சொல்லிவிட்டாள்.

“அக்கா, போன மாசம் நான்தான் அமத்தின. அண்ணன் கோல் எடுக்கல்ல. எடுக்காமலே அமத்திட்டன்.”

பாலம்மா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இருக்காருன்னுதானே அமுத்துன தங்கச்சி,” என்றார் கடைசியில். “எனக்கு சிங்களம் தெரியாது. அடுத்த எடத்துக்கும் நீதான் வரணும்.”

போனாள். அன்றைக்கு இன்னும் இரண்டு அரசாங்கக் கந்தோர். அடுத்த மாதம் ஒரு தடுப்பு முகாம். யுத்தம் முடிந்த பிறகும், கடையைப் பூட்டிவிட்டு, பாலம்மாவோடு கறுப்பையாவின் படத்தை எடுத்துக்கொண்டு போய்க்கொண்டுதான் இருந்தாள்.