அம்மா பக்கம், அப்பா பக்கம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால் சுண்டெலிக் கருவைக் குத்துவாள். பல வருஷமாக ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதாள். செல்லின் உட்கருவுக்குள் டிஎன்ஏ கண்டபடி அடைந்து கிடப்பதில்லை. சில பகுதிகள் சுவரோரம் ஒதுங்கிச் சும்மா இருக்கும், சில நடுவில் நின்று வேலை பார்க்கும். இந்த ஒழுங்கு முதன்முதலில் எப்போது வருகிறது? அதை முதலில் சொல்கிறவளுக்குத் தனி ஆய்வுக்கூடம் கிடைக்கும். இல்லாவிட்டால் காலமெல்லாம் அடுத்தவருக்காகக் குத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பதில் ஒருநாள் நுண்ணோக்கியில் தெரிந்தது. கரு ஒரே ஒரு செல்லாக இருக்கும்போதே, அம்மா தந்த உட்கருவும் அப்பா தந்த உட்கருவும் இன்னும் சேராமல் தனித்தனியாக நிற்கும்போதே, சுவரோரம் ஒதுங்குவது தொடங்கிவிடுகிறது.

அன்று சாப்பிடும்போது கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். அவனும் இதே துறைதான், வேறு ஆய்வுக்கூடம்.

"புது வீட்டுல மூட்டை பிரிக்கறதுக்கு முன்னாடியே பீரோவை சுவரோரம் தள்ளிடுவோமே, அப்படி! அம்மா பக்கம்தான் சுவரை நல்லா பிடிச்சிருக்கு. அப்பா பக்கம் அரைகுறை."

"அப்பாக்களே அப்படித்தான்," என்று சிரித்தான். "வேற யார்கிட்டயும் உளறிடாத."

மறுநாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கரு புரண்டு கிடந்ததில் இரண்டையும் மாற்றிப் பார்த்திருக்கிறாள். நன்றாகப் பிடித்திருந்தது அப்பா பக்கம். குறிப்பைத் திருத்தினாள். கேலி செய்வானே என்று அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த மாதக் கருத்தரங்கில் கணவன் மேடையேறினான். "எனக்கு ஒரு யோசனை தோணுச்சு," என்று ஆரம்பித்தான். முதல் செல் வந்தது, சுவரோரம் வந்தது, வெட்கமில்லாமல் பீரோவும் வந்தது. கடைசிப் படத்தில் அம்மா பக்கம் அழுத்தம், அப்பா பக்கம் அரைகுறை. அவளுடைய தப்பு, அச்சுப் பிசகாமல். அரங்கம் கைதட்டியது.

வெளியே தாழ்வாரத்தில் அவனைப் பிடித்தாள்.

"யோசனை யாருக்கும் வரலாம்ல?" என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல்.

"வரலாம். தப்பும் என் தப்பாவே வருமா?"

"எந்தத் தப்பு?"

"நல்லா பிடிச்சிருக்கறது அப்பா பக்கம்."

அவன் முகம் வெளிறியது. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று ஒரு நொடி நம்பினாள், பைத்தியக்காரி.

"நிச்சயமாவா?" என்று கேட்டுக்கொண்டே அவன் மடிக்கணினியைத் திறந்தான். "அப்ப படத்தை மாத்தணுமே."