குண்டு பல்பு மேடையேறிய கதை

அந்த நாடகக் குழுவில் குண்டு பல்பு என்றால் தெரியாதவர் கிடையாது. ஆள் உருண்டை, பார்ப்பது லைட் வேலை. வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? இருபது வருடமாக அரங்கின் பின்பக்கத்துக் கூண்டில், சுவிட்சுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மேடையைப் பார்த்திருக்கிறான். வெயிலுக்கு மஞ்சள், பேய்க்குப் பச்சை, சாவுக்கு நீலம். அந்தக் கூண்டை விட்டால் அவனுக்கு வேறு உலகமே இல்லை. இதை அவன் மனைவியிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள். ஆனாலும் உண்மை அதுதான்.

வருடத்துக்கு ஒருமுறை குழுவுக்குக் கருணை பொங்கும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்காக நிதி திரட்டும் நாடகம். எழுதுவது தலைவர், இயக்குவது தலைவர், கதாநாயகனும் அவரே. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், மூன்றாம் காட்சியில் இரும ஆரம்பித்தால் கடைசிக் காட்சி வரைக்கும் இருமுவார். சாகிற நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "தொட்டால் ஒட்டாது! கட்டிப்பிடித்தால் ஒட்டாது! கூடச் சாப்பிட்டால் ஒட்டாது!" என்று சபைக்குப் பாடம் நடத்திவிட்டு மறுபடி படுத்துச் செத்துப்போவார். ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உண்டியலில் போடும். அந்தப் பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, அதைக் குறை சொல்லக் கூடாது. மாத்திரை வாங்கப் போக வழியில்லாதவர்களுக்கு அதில்தான் வண்டி ஓடியது.

அந்த வண்டியில் ஏறாமல் பஸ்ஸில் போய் மாத்திரை வாங்கி வந்த ஒருவன், பின்பக்கத்துக் கூண்டிலிருந்து தலைவரின் சாவுக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தான். பல்புக்கு அது வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு அது எதற்கு? ஒரு வேளை மாத்திரையைத் தவறவிட்டதில்லை, எடையும் இறங்கியதில்லை. விஷயம் மனைவிக்கு மட்டும் தெரியும். அவளுக்கு அது இல்லை.

அந்த வருடம் ஒரு துணிக்கடை முதலாளி பெரிய தொகை தருவதாகச் சொல்லி, கூடவே ஒரு கொக்கியும் போட்டார். நிஜமாகவே பாதிக்கப்பட்ட ஒருவர் மேடையேறி அதை அவர் கையிலிருந்து வாங்க வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். நாலு இடத்தில் கேட்டுப் பார்த்தார்கள், யாரும் வரவில்லை. ஒத்திகையில் தலைவர் வழி கண்டுபிடித்தார்.

"நம்ம வாட்ச்மேனை நிக்க வெச்சிடலாம். ஒல்லியாத்தானே இருக்கான்? பார்த்தா அப்படியே இருக்கும்."

பல்புக்குச் சுர்ரென்று ஏறியது. கூண்டிலிருந்து இறங்கி வந்தான்.

"வாட்ச்மேன் எதுக்கு சார்? நான் இருக்கேன்."

"நீ எதுக்குய்யா?"

"எனக்கு இருக்கு."

"என்ன இருக்கு?"

"இத்தனை வருஷமா இருமிட்டு, என்ன இருக்குன்னு கேக்கறீங்களே சார்!"

தலைவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தொப்பையோடவா?" என்றார். பிறகுதான் உறைத்தது; இரண்டடி பின்னால் போய் நின்றார்.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உங்களால? நாளைக்கே வேலைய விட்டுத் தூக்கப் போறாங்க, பாருங்க!"

அவள் வாய் முகூர்த்தம் பலித்தது. மறுநாள் தலைவர் கூண்டின் வாசலோடு நின்றுகொண்டார். "நாடகம் முடிஞ்சதும் ஓய்வெடுத்துக்கப்பா. லைட்டுக்கு வேற ஆள் பேசியாச்சு. உடம்பு முக்கியம் இல்லையா?"

ஆஹா, என்ன கரிசனம்! நோய் வந்த சேதியைக்கூடப் பல்பு தாங்கிக்கொண்டான். இதைத் தாங்க முடியவில்லை.

நாடகத்தன்று மேக்கப்காரர் அவன் முகத்தோடு மல்லுக்கட்டினார். "சார், கன்னத்துல குழி விழ மாட்டேங்குது. சதை ஜாஸ்தி."

"கறுப்ப நல்லா அப்புய்யா!" என்று தூரத்திலிருந்தே கத்தினார் தலைவர். "நீல லைட்ல எல்லாம் சரியாயிடும்."

பல்பு பேசுவதற்கு ஒரே ஒரு வசனம் கொடுத்திருந்தார்கள்: 'என் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.' ஈனக் குரலில் சொல்ல வேண்டுமாம்.

தலைவர் வழக்கம்போல இருமினார், பாடம் நடத்தினார், செத்தார். பிறகு எழுந்து மைக்கைப் பிடித்து, "இதோ, நம்மில் ஒருவர்!" என்று கூப்பிட்டார். கூண்டை விட்டு இறங்கும் முன் பல்பு ஒரு காரியம் செய்தான். நீலத்தை அணைத்துவிட்டு வெள்ளை விளக்குகள் மொத்தத்தையும் போட்டான். மேடை பட்டப்பகலாயிற்று. தலைவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "நீலம், நீலம்" என்று கூண்டைப் பார்த்துக் கையாட்டினார். நீலம் போட வேண்டிய ஆள் மேடைப் படியேறிக்கொண்டிருந்தான்.

கறுப்பெல்லாம் வியர்வையில் வழிய, கரி மூட்டை சுமந்தவன் மாதிரி வந்து நின்றான் பல்பு. மைக்கை வாங்கினான்.

"என் நாள எண்ணச் சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்குக் கணக்கு வராதுங்க. மாத்திரைய ஒழுங்காச் சாப்பிட்டா என்னை மாதிரி உருண்டுக்கிட்டு இருக்கலாம். எனக்கு இருமலே கிடையாது, இருமறதெல்லாம் எங்க தலைவர்தான்."

சபை சிரித்தது. தலைவர் பாய்ந்து வந்து மைக்கைப் பிடுங்கினார். புத்தி முந்துவதற்குள் கை முந்திவிட்டது: கைக்குட்டையை எடுத்து மைக்கை அழுத்தித் துடைத்தார். கடைசி வரிசைக்குக்கூடத் தெரிந்தது. போட்டிருந்த வெளிச்சம் அப்படி.

முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள். "ஏன் சார், தொட்டா ஒட்டாதுன்னு இப்பதானே சொல்லிட்டுச் செத்தீங்க?"

அரங்கம் குலுங்கியது. ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர் அன்று வசமாகப் பல்பு வாங்கினார்.

பல்பு சிரிக்கவில்லை. மைக் இல்லாமலே கேட்டான்.

"அடுத்த நாடகத்துக்கு லைட் யாரு சார்? இவங்க முன்னாடியே சொல்லிடுங்க."

தலைவர் துணிக்கடைக்காரரைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். "நீதான்பா! உன்னை விட்டா யாரு?" என்று அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கக் கறுப்பாயிற்று.

நாடகம் பார்க்க வந்திருந்த மனைவி பஸ் நிறுத்தத்தில் தன் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அதான் வேலை நிலைச்சிடுச்சே, அப்புறம் ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க?"

"கட்டிப் பிடிச்சப்ப மூச்ச அடக்கிக்கிட்டாருடி. எனக்குத் தெரிஞ்சுது."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

"அடக்கட்டும். எவ்வளவு நேரம் அடக்குவாரு? விட்டுத்தானே ஆகணும்."